பைப்லைன் நிறுவனத்தின் நீண்டகாலக் கடன்: எந்த எண்ணை எடுத்துக் கணக்கு வைப்பது?

வரவுசெலவு கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் பட்டியலிட்டிருக்கும் மூன்று பைப்லைன் நிறுவனங்களின் நீண்டகாலக் கடனைக் காலாண்டு வாரியாக ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றி வருகிறேன். 2012ல் இருந்து வரிசை இருக்கிறது. எண்களெல்லாம் இலவச டேட்டா தளங்களில் எடுத்தவை. நான்கு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, ஒரே நிறுவனம், ஒரே தேதி, ஆனால் இரண்டு தளங்களில் இரண்டு எண். வித்தியாசம் சில சமயம் ஒரு பில்லியன் டாலரைத் தாண்டுகிறது.

இரண்டு, நீண்டகாலக் கடன் குறைந்ததாகத் தளம் காட்டுகிற அதே காலகட்டத்தில், நிகரக் கடன் (கையிலுள்ள பணத்தைக் கழித்த கடன்) கூடியதாக நிறுவனமே தன் செய்திக்குறிப்பில் சொல்கிறது.

மூன்று, 2015க்கும் 2016க்கும் நடுவே மூன்று நிறுவனங்களிலும் கடன் கொஞ்சம் இறங்குகிறது. அந்த அளவுக்குத் திருப்பிக் கட்டியதாகக் கேஷ் ஃப்ளோவில் தெரியவில்லை.

நான்கு, கூட்டு நிறுவனங்கள் தங்கள் பெயரில் வாங்கிய கடனைச் சேர்ப்பதா, விடுவதா?

எந்த எண்ணை எடுத்து, எந்த வடிவில் ஷீட்டை வைத்தால் நிற்கும்? கணக்கியல் அடிப்படை தெரியும், அதனால் விவரமாகவே சொல்லலாம்.

அடிக்குறிப்பு எழுதியது:

உங்க முதல் ரெண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். பேலன்ஸ் ஷீட்டில் வருகிற "நீண்டகாலக் கடன்" என்ற வரி, அடுத்த 12 மாதத்துக்குள் கட்ட வேண்டியிராத பகுதியை மட்டும், அதுவும் புத்தக மதிப்பில் சொல்கிறது. நிறுவனம் மொத்தமாக எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது அந்த வரியில் கிடைக்காது. நீங்க பின்தொடர வேண்டியது அசல் தொகை. அது 10-கே அறிக்கையின் (அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசிக்குத் தரும் ஆண்டறிக்கை) கடன் பற்றிய குறிப்பில், பத்திரம் பத்திரமாகப் பிரித்து அட்டவணையாக இருக்கும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். எல்லாம் மில்லியன் டாலரில்.

ஆண்டுத் தொடக்கத்தில் அசல்: 18,400
புதிதாக வெளியிட்ட பத்திரங்கள்: +1,500
முதிர்ந்து கட்டியது: −250
முதிர்வுக்கு முன்பே திரும்ப வாங்கித் தீர்த்தது: −1,000
கமர்ஷியல் பேப்பரில் (மிகக் குறுகியகாலக் கடன் பத்திரம்) நிகர ஏற்றம்: +210
யூரோ பத்திரத்தில் மாற்று விகித வித்தியாசம்: −25
ஆண்டு இறுதியில் அசல்: 18,835

அசல் 435 கூடியிருக்கிறது. இதையே பேலன்ஸ் ஷீட் எப்படிக் காட்டும் என்று பாருங்க. ஆண்டு இறுதியில் தள்ளுபடியும் வெளியீட்டுச் செலவும் −140, பழைய கையகப்படுத்தலில் வந்த மதிப்புச் சரிக்கட்டல் +65, வட்டி ஸ்வாப் ஹெட்ஜ் (வட்டி மாற்றத்துக்கு எதிரான பாதுகாப்பு ஒப்பந்தம்) −90. ஆகப் புத்தக மதிப்பு 18,670. இதில் ஓராண்டுக்குள் முதிர்கிற பத்திரம் 900, கமர்ஷியல் பேப்பர் 410, ரெண்டும் நடப்புப் பொறுப்புகளுக்குப் போய்விடும். நீண்டகாலக் கடன் என்ற வரியில் மிச்சம் நிற்பது 17,360.

தொடக்கத்தில் இதே சரிக்கட்டல்கள் எல்லாம் சேர்ந்து −50தான், நடப்புப் பகுதி 450 (முதிரும் பத்திரம் 250, கமர்ஷியல் பேப்பர் 200). அப்போது அந்த வரி 17,900. டேட்டா தளம் "நீண்டகாலக் கடன் 540 குறைந்தது" என்று எழுதும். கடன் கூடிய ஆண்டில் குறைந்ததாகப் படம் வரும். உங்க ரெண்டாவது கேள்வி இதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓராண்டுக்குள் முதிர்கிற பத்திரமானாலும், அதை நீண்டகாலக் கடன் வாங்கி மாற்றிக்கொள்ளும் எண்ணமும், அதற்கான திறனும் நிறுவனத்துக்கு இருந்தால் நடப்புப் பகுதிக்கு இறக்காமல் நீண்டகாலத்திலேயே வைக்க அமெரிக்கக் கணக்கு விதி இடம் தருகிறது. திறனுக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டுவது, இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் பல்லாண்டு ரிவால்வர் (வேண்டும்போது எடுத்து, திருப்பிக் கட்டும் வங்கிக் கடன் வசதி). ஒரு நிறுவனம் இந்தச் சலுகையை எடுக்கும், பக்கத்து நிறுவனம் எடுக்காது. ஆகவே ரெண்டு நிறுவனங்களின் அந்த ஒற்றை வரியை ஒப்பிட்டால் பதில் தப்பாகவே வரும்.

ஷீட்டை மூன்று தாளாக வையுங்க.

முதல் தாள் பத்திரப் பட்டியல். ஒரு பத்திரத்துக்கு ஒரு வரி. வெளியிட்ட சட்டபூர்வ நிறுவனம் (தாய் நிறுவனமா, எந்தத் துணை நிறுவனம்), கூப்பன் (பத்திரத்தின் வட்டி விகிதம்), முதிர்வுத் தேதி, எந்த நாணயம், அந்த நாணயத்தில் அசல், நிலையான வட்டியா மாறும் வட்டியா, முன்னுரிமை வரிசை, ஹெட்ஜ் இருக்கிறதா, க்யூசிப் எண் (பத்திரத்தின் தனி அடையாள எண்). க்யூசிப் எண்ணை விட்டுவிடாதீங்க. ஒரே கூப்பன், ஒரே ஆண்டு முதிர்வு என்று ரெண்டு பத்திரம் இருக்கும்போதும், பழைய பத்திரத்தையே மறுபடி திறந்து கூடுதலாக விற்கும்போதும் குழப்பம் வராமல் காப்பாற்றுவது அதுதான்.

ரெண்டாவது தாள், மேலே காட்டிய மாதிரி தொடக்கத்தில் இருந்து இறுதிக்கு நடக்கிற கணக்கு. மூன்றாவது தாள், அசலில் இருந்து பேலன்ஸ் ஷீட்டின் எண்ணுக்கு இறங்கும் சரிக்கட்டல். கடைசி வரியில் "விளங்காத வித்தியாசம்" என்று ஒரு செல். அறிக்கைகள் மில்லியனுக்கு முழுமையாக்கி எழுதப்படுவதால் ரெண்டு மூன்று மில்லியன் நிற்கலாம். அதற்கு மேல் நின்றால் அடுத்த காலாண்டுக்குப் போகாதீங்க, உட்கார்ந்து தேடுங்க. அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும்:

- கேஷ் ஃப்ளோவில் "பத்திர வெளியீட்டு வரவு" தள்ளுபடி போக நிகரமாக இருக்கும். 1,500 அசலுக்கு 1,494 என்று வரும்.
- பத்திரத்தை அசலுக்கு மேல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்தால், அந்த அதிகத் தொகையும் நிதி நடவடிக்கைச் செலவிலேயே இருக்கும். அசலைக் குறைப்பது அசல் அளவுதான்.
- கமர்ஷியல் பேப்பரை சில நிறுவனங்கள் மொத்த வரவு, மொத்தச் செலவு என்று காட்டும். மூன்று மாதம் அல்லது அதற்குக் குறைவான முதிர்வு உள்ளவற்றை நிகரமாகக் காட்ட அனுமதி உண்டு. மொத்தமாகக் காட்டுகிற இடத்தில் "ஒரே ஆண்டில் இவ்வளவு கடனா" என்று மிரள வேண்டாம், கழித்துப் பாருங்க.
- கையகப்படுத்தலில் கூடவே வந்த கடன் கேஷ் ஃப்ளோவில் வரவே வராது. பணமில்லாத நடவடிக்கைகள் என்ற துணைக் குறிப்பில் இருக்கும்.

ஐந்தொகை எழுதியது:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். உங்கள் முதல், மூன்றாம் கேள்விகளுக்குக் கூடுதலாகச் சில விவரங்கள்.

2016ன் சிறு இறக்கம்: அமெரிக்கக் கணக்கு விதிகளை வகுக்கும் எஃப்ஏஎஸ்பி வெளியிட்ட ஏஎஸ்யு 2015-03 என்ற திருத்தம்தான் காரணம். அதுவரை கடன் வெளியீட்டுச் செலவைச் சொத்தாக, தள்ளிவைத்த செலவு என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள். 15 டிசம்பர் 2015க்குப் பின் தொடங்கும் நிதியாண்டுகளில் இருந்து அதைக் கடனிலேயே கழித்துக் காட்ட வேண்டும். முதலீட்டுத் தரப் பத்திரங்களில் அண்டர்ரைட்டர் (பத்திரத்தை விற்றுத் தரும் வங்கி) கழிவு 10 ஆண்டுப் பத்திரத்துக்குச் சுமார் 0.65 சதவீதம், 30 ஆண்டுப் பத்திரத்துக்குச் சுமார் 0.875 சதவீதம். அதில் இன்னும் தேயாத பகுதியை மட்டும் எடுத்தாலும், 20 பில்லியன் அசல் உள்ள நிறுவனத்துக்கு நூறு மில்லியனை ஒட்டிக் குறைவது இயல்பு. அசலை வைத்து வரிசை கட்டினால் இந்தப் படிக்கட்டே வராது. ரிவால்வருக்கான செலவை மட்டும் சொத்துப் பக்கமே வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது, அது கடனில் தென்படவில்லையே என்று தேட வேண்டாம்.

ஒரு பில்லியன் வித்தியாசம்: மூன்றில் ஒன்று கிண்டர் மார்கனாக இருந்தால் விடை பேலன்ஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. அவர்கள் நீண்டகாலக் கடனை இரண்டு வரியாகக் காட்டுவார்கள்: நிலுவையிலுள்ள தொகை ஒரு வரி, நியாய மதிப்புச் சரிக்கட்டல் இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரி ஒரு பில்லியனுக்கும் மேல் இருந்த ஆண்டுகள் உண்டு. ஒரு தளம் மொத்தத்தை எடுக்கும், இன்னொன்று முதல் வரியை மட்டும் எடுக்கும். இரண்டு பக்கமும் "சரி"தான், ஆனால் இரண்டும் ஒரே எண் அல்ல. இப்படிப் பிரித்துக் காட்டுவதை எல்லா நிறுவனங்களும் செய்தால் வாசிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்தச் சரிக்கட்டலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் தொடர்வது எளிது. மூன்று பெரிய இனங்கள்.

கையகப்படுத்தல்: ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் கடனை அன்றைய சந்தை மதிப்பில் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். 2012 மே மாதம் கிண்டர் மார்கன் எல் பாசோவை வாங்கியபோது வட்டி தாழ்ந்திருந்தது. பழைய, உயர் கூப்பன் பத்திரங்கள் அசலுக்கு மேல் ஏறின. 2023 செப்டம்பரில் ஒன்ஓக் மகெல்லனை வாங்கியபோது நிலைமை தலைகீழ். வட்டி உயர்ந்திருந்ததால் மகெல்லனின் தாழ்ந்த கூப்பன் நீண்ட பத்திரங்கள் அசலுக்குக் கீழே பதிவாகின. அப்படிப்பட்ட பத்திரங்களின் புத்தக மதிப்பு, ஒரு டாலர்கூடக் கடன் வாங்காமலே ஒவ்வொரு காலாண்டும் அசலை நோக்கி ஏறும். புத்தக மதிப்பை மட்டும் பார்ப்பவர் "மெல்ல மெல்லக் கடன் சேர்கிறது" என்று முடிவுகட்டுவார்.

வட்டி ஸ்வாப்: நிலையான வட்டிப் பத்திரத்தை மாறும் வட்டிக்கு மாற்றும் நியாய மதிப்பு ஹெட்ஜ் இருந்தால், பத்திரத்தின் புத்தக மதிப்பே சந்தை வட்டியோடு ஆடும். 2022ல் வட்டி ஏறியபோது இந்த வகைப் பத்திரங்களின் புத்தக மதிப்பு இறங்கியது. ஹெட்ஜை இடையில் முடித்துவிட்டாலும் அதுவரை சேர்ந்த சரிக்கட்டல் மறையாது, பத்திரம் முதிரும்வரை சிறுகத் தேயும்.

அயல் நாணயம்: கிண்டர் மார்கன் 2015 மார்ச்சில் யூரோவில் இரண்டு பத்திரம் வெளியிட்டது. 750 மில்லியன் யூரோ, 1.50 சதவீதம், 2022 முதிர்வு. 500 மில்லியன் யூரோ, 2.25 சதவீதம், 2027 முதிர்வு. ஒரு யூரோ 1.05 டாலராக இருக்கும் நாளில் அந்த 500 மில்லியன் யூரோ 525 மில்லியன் டாலர்; 1.12 ஆனால் 560. நடுவே 35 மில்லியன் "கடன்" பிறந்துவிட்டது. ஆனால் குறுக்கு நாணய ஸ்வாப் மூலம் திருப்பித் தரவேண்டிய டாலர் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, அதன் லாப நட்டம் பேலன்ஸ் ஷீட்டின் வேறு மூலையில் நிற்கும். எனவே ஷீட்டில் யூரோ அசல், ஸ்வாப் செய்த டாலர் அசல் என்று இரண்டு கட்டம் வையுங்கள். நிறுவனம் சொல்லும் நிகரக் கடனில் இந்த மாற்று விகித விளைவு நீக்கப்பட்டிருக்கும்.

உங்கள் மூன்றில் என்பிரிட்ஜ் இருந்தால் இன்னும் ஒரு படி கூடுதல். அமெரிக்கக் கணக்கு விதியில்தான் அறிக்கை, ஆனால் கனடிய டாலரில். அதன் அமெரிக்க டாலர் பத்திரங்கள் எல்லாம் காலாண்டு இறுதி விகிதத்தில் மாற்றப்படும். வெளியிட்ட நாணயத்தில் அசலை வைக்காவிட்டால் அந்த வரிசையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தளங்களின் எண்கள் உடையும் இன்னொரு இடம் எக்ஸ்பிஆர்எல் குறிச்சொல். எட்கரில் (எஸ்இசியின் இணையத் தாக்கல் தளம்) தாக்கலாகும் அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறிச்சொல் உண்டு. நடப்புப் பகுதியும் சேர்ந்த நீண்டகாலக் கடனுக்கு ஒன்று, நடப்பு நீங்கியதற்கு ஒன்று, நிதிக் குத்தகையும் சேர்ந்ததற்கு ஒன்று. நிறுவனம் ஓர் ஆண்டில் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறினால் தளத்தின் மென்பொருள் வெற்றுக் கட்டத்தை அடுத்த நெருங்கிய குறிச்சொல்லால் நிரப்பிவிடும். வரைபடத்தில் ஒரே காலாண்டில் செங்குத்தாக ஏறி அல்லது இறங்கி, பிறகு அப்படியே தட்டையாகத் தொடர்ந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

குழாய்ப்பாதை எழுதியது:

நாலாவது கேள்விக்கு வர்றேன். பைப்லைன் துறையில் இதுதான் பெரிய விஷயம், மேலே பேசின சரிக்கட்டலெல்லாம் இதோட ஒப்பிட்டா சின்னது.

நீண்ட தூரக் குழாயை ஒரே நிறுவனம் தனியா போடறது குறைஞ்சுபோச்சு. நாலு பேர் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி, அதன் பேரிலேயே பத்திரம் வெளியிடுவாங்க. அந்தக் கடன் உங்க ஷீட்டில் வருமா வராதாங்கறது கட்டுப்பாடு யார் கையில் இருக்குங்கறதைப் பொறுத்தது, பங்கு சதவீதத்தைப் பொறுத்தது இல்லை.

டகோட்டா ஆக்சஸ் குழாயை எடுத்துக்கோங்க. எனர்ஜி ட்ரான்ஸ்ஃபருக்கு, அது அடங்கின பாக்கன் குழாய் அமைப்பில் 36.4 சதவீதம்தான். ஆனா இயக்கறது அவங்க, முழுசா தங்கள் கணக்கில் ஒருங்கிணைக்கறாங்க. அதனால கடன் 100 சதவீதமும் அவங்க பேலன்ஸ் ஷீட்டில் வரும், மத்தவங்க பங்கு சிறுபான்மை உரிமைன்னு பங்கு மூலதனப் பக்கம் நிற்கும். ஃபிலிப்ஸ் 66, எம்பிஎல்எக்ஸ் மாதிரி மத்த பங்காளிகளோட பேலன்ஸ் ஷீட்டில் அதே கடன் ஒரு டாலர்கூட வராது. "முதலீடுகள்"னு ஒரே ஒரு நிகர எண் இருக்கும். ஒரே பத்திரம், ஒரு பக்கம் மிகையா, ஒரு பக்கம் பூஜ்யமா.

அதோட நிற்கலை. 2019 மார்ச்சில் அந்தக் குழாய்க்காக 2.5 பில்லியன் டாலர் பத்திரம் வெளியானது: 650 மில்லியன் 2022க்கு, 1 பில்லியன் 2024க்கு, 850 மில்லியன் 2029க்கு. கூடவே உரிமையாளர்கள் நிபந்தனைக்குட்பட்ட மூலதன ஒப்பந்தம் ஒண்ணு கையெழுத்துப் போட்டாங்க. ஓவாஹி ஏரிக்குக் கீழே போற வழியுரிமை வழக்கில் பாதகமான தீர்ப்பு வந்தா, பத்திரத்துக்குத் தேவையான பணத்தை அவங்கவங்க பங்குக்குப் போடணும். 2020 ஜூலையில் கீழமை நீதிமன்றம் அந்த வழியுரிமையை ரத்து செஞ்சு, குழாயைக் காலி பண்ணச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது, குழாய் ஓடிக்கிட்டே இருந்தது. இந்தப் பொறுப்பு பேலன்ஸ் ஷீட்டில் கடனா எங்கேயும் இல்லை. 10-கேயில் உத்தரவாதங்கள், நிச்சயமற்ற பொறுப்புகள் பற்றிய குறிப்பைப் படிச்சவங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சது.

ஆகவே பத்திரப் பட்டியலில் இன்னும் மூணு கட்டம் சேருங்க: எங்கள் பங்கு சதவீதம், ஒருங்கிணைக்கப்பட்டதா, தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டா. பிறகு ரெண்டு மொத்தம் போடுங்க. அறிக்கைப்படி மொத்தம் ஒண்ணு. பங்கு விகித மொத்தம் ஒண்ணு: ஒருங்கிணைத்ததில் வெளியார் பங்கைக் கழிச்சு, ஒருங்கிணைக்காததில் நம்ம பங்கைக் கூட்டி. கிண்டர் மார்கனும் எனர்ஜி ட்ரான்ஸ்ஃபரும் பாதிக்குப் பாதி வெச்சிருக்கிற சிட்ரஸ் (ஃப்ளோரிடா கேஸ் ட்ரான்ஸ்மிஷனின் உரிமையாளர்) மாதிரி நிறுவனங்களுக்கு இந்த ரெண்டாவது மொத்தம் ரொம்ப முக்கியம்.

எபிட்டாவை (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முந்தின லாபம்) எடுக்கும்போதும் அதே தராசு இருக்கணும். கூட்டு நிறுவனத்தின் எபிட்டாவில் தன் பங்கை மேலே சேர்த்துக்கிட்டு, அதன் கடனைக் கீழே சேர்க்காம விட்டா கடன் விகிதம் (கடனை எபிட்டாவால் வகுத்தது) அழகா இறங்கும். சரிக்கட்டிய எபிட்டாவின் வரையறையை வரி வரியா படிங்க. பங்கு எபிட்டா சேர்த்திருந்தா பங்குக் கடனும் சேரணும். கைக்கு வந்த டிவிடெண்டை மட்டும் சேர்த்திருந்தா கடனை வெளியே விடலாம், ஏன்னா அந்த டிவிடெண்ட் கூட்டு நிறுவனத்தின் வட்டி போக மிஞ்சினது.

துணை நிறுவனக் கடனுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. மாநிலம் தாண்டிப் போற பெரிய எரிவாயுக் குழாய் நிறுவனங்கள் ஃபெர்க் (அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை) ஆணையத்துக்கு ஆண்டுதோறும் படிவம் 2 தாக்கல் செய்யணும், கெடு ஏப்ரல் 18. அதில் நீண்டகாலக் கடன் அட்டவணை கணக்கு எண் வாரியா இருக்கும். 221 பத்திரங்கள், 222 திரும்ப வாங்கி வெச்சிருக்கிற பத்திரங்கள், 223 குழும நிறுவனங்கள் கொடுத்த முன்பணம், 224 பிற நீண்டகாலக் கடன். 223ஐக் கூட்டிடாதீங்க. அது தாய் நிறுவனம் கொடுத்தது, ஒருங்கிணைப்பில் அடிபட்டுப் போகும். கூட்டினா ஒரே கடனை ரெண்டு தடவை எண்ணின மாதிரி.

எந்த நிறுவனம் வெளியிட்டதுங்கற கட்டம் ஏன் வேணும்னா, வில்லியம்ஸ் கீழே ட்ரான்ஸ்கோ தன் பேரில் தனியா பத்திரம் வெளியிட்டிருக்கு, எஸ்இசிக்கும் தனியா கணக்குக் காட்டுது. ட்ரான்ஸ்கோ குழாயின் வருமானம் முதல்ல ட்ரான்ஸ்கோ பத்திரக்காரருக்கு. மிஞ்சினதுதான் மேலே வில்லியம்ஸ் பத்திரக்காரருக்கு. கூட்டுத் தொகையைப் பார்த்தா இந்த வரிசை தெரியாது.

வரவுசெலவு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பத்திரப் பட்டியலில் இருந்தே மறுபடி தொடங்குகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். 10-கே ஆண்டுக்கு ஒருமுறைதானே, நடுவில் காலாண்டுகளுக்கு எந்த வரிசையில் புதுப்பிப்பது? கையில் இருக்கும் பணத்தைக் கழித்து நிகரமாக வைப்பதா, மொத்தமாக வைப்பதா?

முதிர்வுத்தேதி எழுதியது:

பெரிய நிறுவனங்களுக்கு 10-கே கெடு ஆண்டு முடிந்து 60 நாள், 10-க்யூ (காலாண்டு அறிக்கை) கெடு காலாண்டு முடிந்து 40 நாள். ஆனால் கடன் மாறுவது அதற்கு முன்பே தெரிந்துவிடும். புதுப்பிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்.

பத்திரம் விலை நிர்ணயமான அன்றோ மறுநாளோ எட்கரில் விலைத் தாள் ஒன்று வரும். அதில் அசல், கூப்பன், முதிர்வு, க்யூசிப், முன்கூட்டியே வாங்கும் விதி எல்லாம் ஒரே பக்கத்தில். அதைத் தொடர்ந்து 424பி வகை விவரக்குறிப்பு, பிறகு 8-கே (முக்கிய நிகழ்வு அறிக்கை). கணிசமான புதிய நிதிப் பொறுப்பு என்றால் 8-கேயின் 2.03ஆம் பிரிவில் நான்கு வேலை நாளுக்குள் வர வேண்டும். எல்லாப் பத்திர வெளியீடும் அந்தப் பிரிவிலேயே வரும் என்று நம்பிவிடாதீர்கள், 1.01, 8.01 பிரிவுகளிலும் வரும். பிரிவை வைத்துத் தேடாமல், இணைப்பாக 4ஆம் வரிசை ஆவணம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திர ஒப்பந்தம் அங்கேதான் இருக்கும்.

10-க்யூவில் இரண்டு பொறி. கேஷ் ஃப்ளோ ஆண்டுத் தொடக்கத்தில் இருந்து அன்றுவரை சேர்ந்த கணக்கு. மூன்றாம் காலாண்டின் கடன் வரவு வேண்டுமானால் ஒன்பது மாத எண்ணில் ஆறு மாத எண்ணைக் கழிக்க வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் பக்கத்தில் ஒப்பிட்டிருப்பது முந்தைய டிசம்பர் 31, முந்தைய காலாண்டு அல்ல. பல நிறுவனங்கள் 10-க்யூவில் பத்திரப் பட்டியலை முழுதாகப் போடுவதில்லை. டிசம்பர் பட்டியலை எடுத்து 8-கேக்களால் நகர்த்திக்கொண்டு வந்து, 10-க்யூ மொத்தத்தோடு ஒட்டிப் பார்ப்பதுதான் வழி. "பிந்தைய நிகழ்வுகள்" குறிப்பையும் விடாதீர்கள். காலாண்டு முடிந்து, அறிக்கை வருவதற்குள் கட்டிய பத்திரம் அதில் இருக்கும்.

மொத்தமா நிகரமா என்பதற்கு ஒன்ஓக் 2024 நல்ல பாடம். எண்லிங்க்கின் கட்டுப்படுத்தும் பங்கையும் மெடாலியனையும் வாங்க 7 பில்லியன் டாலர் பத்திரத்தை செப்டம்பரில் வெளியிட்டார்கள். இரண்டு கையகப்படுத்தலும் முடிந்தது அக்டோபரில். செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டில் கடன் வந்துவிட்டது, பணமும் கையில் இருக்கிறது, வாங்கப்போகும் சொத்தின் எபிட்டா மட்டும் இல்லை. மொத்தக் கடனை எபிட்டாவால் வகுத்தால் அந்தக் காலாண்டு பயமுறுத்தும். அடுத்த காலாண்டில் பணம் போய்விடும். சொத்து வந்துவிடும், ஆனால் அதன் எபிட்டா இரண்டு மூன்று மாத அளவுதான் உள்ளே இருக்கும். அங்கே முழு ஆண்டுக்கான எபிட்டாவைச் சேர்த்துப் பார்க்காமல் விகிதம் பேச முடியாது.

வங்கி ஒப்பந்த விகிதம் வேறு உலகம். கிண்டர் மார்கனின் ரிவால்வரில் நிகரக் கடனுக்கும் எபிட்டாவுக்கும் உச்ச வரம்பு 5.50 மடங்கு. ஆனால் அந்த எபிட்டா செய்திக்குறிப்பில் வருகிற எபிட்டா அல்ல. பைப்லைன் துறையின் கடன் ஒப்பந்தங்களில், கட்டிக்கொண்டிருக்கும் பெரிய திட்டத்தின் எதிர்கால எபிட்டாவில், வேலை முடிந்த சதவீதத்துக்கு ஏற்ப ஒரு பகுதியை இப்போதே சேர்த்துக்கொள்ளும் விதி பரவலாக உண்டு. கையகப்படுத்தல் நடந்தால் சில காலாண்டுகளுக்கு வரம்பையே 0.50 மடங்கு (5.00 என்பதை 5.50 ஆக) உயர்த்தும் விதியும் வழக்கமானது. உங்கள் ஷீட்டின் விகிதத்தை நேரே அந்த வரம்போடு ஒப்பிட்டால் தவறான எச்சரிக்கை வரும்.

கீழ்நிலைப் பத்திரங்களுக்கும் (மற்றக் கடன்களுக்குப் பிறகே பணம் பெறுபவை) ஒரு கட்டம் வேண்டும். என்டர்ப்ரைஸ் ப்ராடக்ட்ஸ் போன்றவை வெளியிட்டிருக்கும் இளநிலைப் பத்திரங்கள் பேலன்ஸ் ஷீட்டில் முழுக்கக் கடன். தரமதிப்பீட்டு நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை, பெரும்பாலும் பாதியை, மூலதனமாக எடுத்துக்கொள்ளும். என்டர்ப்ரைஸும் தன் கடன் விகிதத்தை அப்படிக் கழித்துத்தான் சொல்கிறது. உங்கள் எண் அவர்கள் எண்ணைவிடச் சற்று உயர்ந்தே நின்றால் பிழை தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அடிக்குறிப்பு எழுதியது:

நிகரமா வைக்கிறதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். மொத்த அசலைத்தான் மூல வரிசையா வையுங்க, பணத்தைத் தனி வரிசையா வையுங்க, கழித்தல் கடைசியில் நடக்கட்டும். கழிக்கும்போதும் கட்டுப்பாடுள்ள பணத்தைக் கழிக்கக் கூடாது. ஒருங்கிணைத்த கூட்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிற பணத்தில் வெளியார் பங்கையும் கழிக்கக் கூடாது. ஹெட்ஜ் வர்த்தகத்துக்காக எதிர்த்தரப்பிடம் போட்டு வெச்சிருக்கிற மார்ஜின் பணமும் அப்படித்தான், அது நாளைக்கு விலை நகர்ந்தால் திரும்பி வராது.

முழு ஷீட்டும் சரியான்னு பார்க்க ஒரு சுருக்கு வழி: பட்டியலில் உள்ள ஒவ்வொரு அசலையும் அதன் கூப்பனால் பெருக்கி ஆண்டு வட்டியைக் கூட்டுங்க. இதை வருமான அறிக்கையின் வட்டிச் செலவோடு ஒப்பிடாதீங்க. கட்டுமானத்தில் இருக்கிற குழாய்க்கான வட்டி சொத்து மதிப்பில் ஏறியிருக்கும், சரிக்கட்டல்களின் தேய்மானமும் கலந்திருக்கும். கேஷ் ஃப்ளோவின் அடியில் "வட்டிக்காகக் கட்டிய பணம்" என்று ஒரு துணைத் தகவல் இருக்கு, அதோடு ஒப்பிடுங்க. அதிலும் சிலர் சொத்தில் ஏற்றிய வட்டி நீங்கலாகத்தான் எழுதுவாங்க, தலைப்பைப் படிச்சுட்டு அந்தத் தொகையைத் திரும்பக் கூட்டிக்கணும். ஸ்வாப் வரவு செலவையும் சேர்த்துப் பார்த்தா சில சதவீத வித்தியாசத்துக்குள் வரணும். பத்து சதவீதம் தள்ளி நின்றால் ஏதோ ஒரு பத்திரம் பட்டியலில் இல்லை, அல்லது கட்டித் தீர்த்த ஒன்று இன்னும் இருக்கு.

வரவுசெலவு எழுதியது:

கடைசியாக ஒன்று. முதிர்வுப் படிக்கட்டு (எந்த ஆண்டில் எவ்வளவு கடன் முதிர்கிறது என்ற அட்டவணை) போடும்போது, முதிர்வுக்கு முன்பே சில பத்திரங்கள் காணாமல் போகின்றன. அவற்றை எந்த ஆண்டில் வைப்பது?

முதிர்வுத்தேதி எழுதியது:

விலைத் தாளில் "அசல் விலையில் திரும்ப வாங்கும் தேதி" என்று ஒன்று இருக்கும். வழக்கமாக 5 ஆண்டுப் பத்திரத்துக்கு முதிர்வுக்கு ஒரு மாதம் முன்பு, 10 ஆண்டுக்கு மூன்று மாதம், 30 ஆண்டுக்கு ஆறு மாதம். அந்தத் தேதியில் இருந்து கூடுதல் விலை எதுவும் கொடுக்காமல் நிறுவனம் பத்திரத்தைத் தீர்த்துவிடலாம். அதற்கு முன்பு தீர்த்தால், அரசுப் பத்திர வட்டியோடு ஒரு சிறு விகிதம் கூட்டி மீதிக் கூப்பனையும் அசலையும் இன்றைய மதிப்புக்குக் கணக்கிட வேண்டும். அந்தத் தொகை, அசல் இரண்டில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே முதிர்வுத் தேதிக்குப் பக்கத்தில் இந்தத் தேதிக்கும் ஒரு கட்டம் வையுங்கள். படிக்கட்டைச் சட்டபூர்வ முதிர்வை வைத்தே போடுங்கள், ஏனென்றால் 10-கேயில் வரும் ஐந்தாண்டு முதிர்வு அட்டவணையும் அப்படித்தான் போடப்பட்டிருக்கும், ஒட்டிப் பார்க்க முடியும். மறுநிதி எப்போது திரட்டுவார்கள் என்று ஊகிக்கும்போது மட்டும் மற்றத் தேதியைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் முதிர்கிற பத்திரம் முந்தைய ஆண்டு இறுதிக்குள்ளேயே தீர்ந்துவிடலாம். அப்படித் தீர்ந்தால் டிசம்பர் 31 அட்டவணையில் அது இருக்காது, அதற்கு ஈடாகக் கமர்ஷியல் பேப்பர் ஏறியிருக்கிறதா என்று அடுத்த வரியைப் பாருங்கள்.